ஆறு கலிப் பாவாடை

பாப்பாவுக்கு,

இடுப்பு 28, சீட் (பின்புறம் அகலமான இடத்துச் சுற்றளவு) 38, பாவாடை உயரம் 38 இன்ச். அளவு வந்தது. நேராக வெட்டிப் பின்னால் அடியில் ஓபன் (பிளவு) வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், பேருந்துப் படியில் கால் தூக்கும்போது அது முட்டியில் பிடித்து இழுக்கும். ஆறு கலியாக, அதாவது மேலே குறுகி அடியில் விரியும் ஆறு துண்டாக வெட்டு.

ஒரு கலி மேலே 4¾. அங்கிருந்து 8 இன்ச் கீழே, சீட் கோட்டில் 6¾. அதில் 2 இன்ச்சுக்குச் சற்று மேல் லூஸ் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை ஒரு தடவை அளந்து பார், 40-ஐத் தாண்டினால் கூட்டிக்கொள். அதே 6¾ இன்னும் 5 இன்ச் இறங்கட்டும். அதன் பிறகுதான் விரிவு, அடியில் 15. அழகு இந்த 5 இன்ச்சில்தான் இருக்கிறது. இடுப்பிலிருந்து அடிவரை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக இழுத்துவிட்டால் தொடையைச் சுற்றி 9 இன்ச் துணி வீணாகக் கூடி, ஆளைக் குண்டாகக் காட்டும். அடிச்சுற்று 90 வருவதால் ஓடினாலும் தடுக்காது.

இருபுறமும் தையலுக்கு அரை இன்ச் ஒட்டு விடு. மடிப்பும் சேர்த்து ஒரு கலியின் நீளம் 40. 44 இன்ச் பன்னாவில் (துணி அகலத்தில்) தலைகீழாக மாற்றி மாற்றி வைத்தால் வரிசைக்கு மூன்று அடங்கும்; இடுப்புப் பட்டிக்கும் சேர்த்து இரண்டரை மீட்டர் போதும். பூ ஒரே திசையில் நிற்கும் துணி என்றால் அப்படித் திருப்ப முடியாது, மூன்றே கால் மீட்டர் வாங்கு. ரேயான் நன்றாக விழும். விறைப்பான காட்டன் குடை மாதிரி நிற்கும். எதுவானாலும் முதலில் நனைத்துக் காயப்போடு.

நேர் இழை (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) ஒவ்வொரு கலியின் நடுவிலும் ஓட வேண்டும். ஓரத்தில் ஓடினால் பாவாடை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். தையலை அடியிலிருந்து இடுப்பை நோக்கிப் போடு, சாய்ந்த ஓரம் இழுபடாது.

பட்டி வைத்ததும் அடியை மடித்துவிடாதே! ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடு. சாய்வாக வெட்டிய இடம் கனத்தில் நீளும், ரேயானில் இன்னும் அதிகம். பிறகு இடுப்பிலிருந்து ஒவ்வொரு தையல் வழியாகவும், கலியின் நடுவிலும் 38 அளந்து குறி. தையல் முனைகள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், மடிப்புக்குத் துணி விட்டு அதை வளைவாக வெட்டிவிடு. மடிப்பு அரை இன்ச்சுக்கு மேல் வேண்டாம், வளைவில் அகல மடிப்பு சுருங்கும்.

ஜிப் இடது பக்கம், 8 இன்ச். குறைந்தால் சீட் நுழையாது. பாக்கெட் வலது பக்கம் மட்டும் போதும்.

அம்மா