நாகம்மாளைத் திட்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு

ஏனுங்க,

ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது. சிக்னல் இருந்தால் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறீர்கள். அதனால் ‘நாகம்மாள்’ நாவல் பற்றிய நம் வழக்கை நாலு பேர் பார்க்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

(மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் மேனேஜர். இப்போது சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். இங்கிருந்து பிட், ஹேமர் ஏற்றிப் போகும் லாரியில்தான் நான் புத்தகம் கொடுத்துவிடுவேன். ஒரே நாவலை நான் இங்கே படிப்பேன், அவர் அங்கே படிப்பார். ராத்திரி சண்டை ஃபோனில் நடக்கும். இத்தனை நேரம் புருஷனும் பொண்டாட்டியும் என்னதான் பேசுவார்கள் என்று என் நங்கை சந்தேகமாகக் கேட்கிறார். இதுதான் பேசுகிறோம்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘நாகம்மாள்’ படித்து முடித்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, “அடங்காத பொம்பளை.” அப்புறம், “சின்னப்பன் பாவம்.” இரண்டாவதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சின்னப்பன் கெட்டவன் இல்லை. காட்டு வேலையே, அதாவது விவசாயமே, கதியென்று கிடக்கிறவன். அண்ணன் செத்த பிறகு அண்ணி நாகம்மாளைத் தெருவில் விட்டவனும் இல்லை. கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் அவனை வில்லனாக எழுதவே இல்லை. அதனால்தான் கடைசியில் அவன் உயிர் போகும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அதிலெல்லாம் உங்களோடு எனக்குச் சண்டை கிடையாது.

நாகம்மாள் கேட்டது என்ன என்பதில்தான் சண்டை. கைம்பெண், கையில் ஒரு பெண் குழந்தை. “என் புருஷன் பங்கைப் பிரித்துக் கொடு” என்று கேட்கிறாள். அவ்வளவுதான். “முறைப்படி கேட்டிருக்கலாமே, எதற்கு அந்த ரவுடி கெட்டியப்பனோடு சேர வேண்டும்?” என்றீர்கள். அந்த முறை என்னவாக இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்தேன்.

இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் உரிமை என்று 1937இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் ஆயுசு இருக்கிற வரைக்கும் அனுபவிக்கிற உரிமைதான். நான்கு வருஷம் கழித்து, 1941இல், அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. வீட்டிலும் பாத்திரம் பண்டத்திலும் கேட்கலாம், காட்டில் கேட்க முடியாது. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்தையும் சேர்த்துத் தனிச்சட்டம் போட்டது 1947இல். நாவல் வெளிவந்த வருஷம் 1942.

இப்போது சொல்லுங்கள், நாகம்மாள் எந்தக் கோர்ட்டுக்குப் போயிருப்பாள்? வக்கீலிடம் போயிருந்தால் ஜீவனாம்சம் வாங்கித் தருகிறேன் என்றிருப்பார். சோறும் சேலையும் அவளுக்கு ஏற்கெனவே சின்னப்பன் வீட்டில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நாவலில் சட்டம் பற்றி இப்படி எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். சண்முகசுந்தரம் நியாயம் பேசுகிறவர் இல்லை. சண்டையை நடக்கவிட்டு ஓரமாக நின்று பார்க்கிறவர். நானாகச் சேர்த்துப் படித்துக்கொண்டது இது. ஆனால் சேர்த்துப் படித்த பிறகு கெட்டியப்பன் வேறு மாதிரி தெரிகிறான். ஊரில் வேறு யாரும் அவள் பக்கம் நிற்காதபோது, நிற்கிற ஆள் அந்த மாதிரிதான் இருப்பான்.

இதை நான் இத்தனை வேகமாகப் பேசுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா வீட்டு மேட்டாங்காட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பெண்ணுக்கும் சமபங்கு என்று 1989இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. 2005இல் நாடு முழுக்க வந்தாயிற்று. இருந்தும் நம் பக்கம் பத்திர ஆபீஸுக்குப் போகிற பெண்கள் பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத்தான் போகிறார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு பட்டுச்சேலை, மத்தியானம் ஹோட்டலில் சாப்பாடு. அண்ணன்மார் மேல் எனக்குக் கோபம் இல்லை; தீபாவளிச் சீர் இன்றைக்கும் தவறாமல் வருகிறது. நாகம்மாள் போடுகிற சத்தத்தைப் படிக்கும்போது மட்டும் யாரோ எனக்கும் சேர்த்துப் போடுகிற மாதிரி இருந்தது. நீங்கள் படித்தபோது உங்கள் காதில் விழுந்தது சின்னப்பன் குரல். குற்றமாகச் சொல்லவில்லை, நீங்களும் ஒரு தம்பிதானே.

‘ஆளண்டாப் பட்சி’க்கு வாருங்கள். 2012இல் வந்த பெருமாள்முருகன் நாவல், நம்ம ஊர்க்காரர் எழுதினது. அது உங்களுக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்குத்தான் தெரியும். நடுராத்திரி கூப்பிட்டு, “முத்து வண்டி பூட்டிட்டான்” என்றீர்கள், ஏதோ சொந்தக்காரன் கிளம்பிவிட்ட மாதிரி. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது கடைசிப் பையன் முத்து ஏமாற்றப்படுகிறான். மாட்டு வண்டியில் வேற்று மண்ணைத் தேடிப் போகிறான். அந்தப் பயணத்தை நீங்கள் வரி வரியாக வாசித்துக் காட்டினீர்கள். வருஷத்தில் முக்கால்வாசி ஊரை விட்டுக் கிடக்கிற உங்களுக்கு அது வேறு விதமாகத்தான் படும். மண்ணைப் பார்த்தே ஆழம் சொல்கிற ஆள் வேறு. போதாக்குறைக்கு, “இங்கே கூட ஏக்கர் விலை பரவாயில்லை” என்று ஒரு வாரம் என்னைப் பயமுறுத்தினீர்கள்.

அந்த நாவலில் முத்துவைக் கிளப்பிவிட்டது யார்? அவன் பொண்டாட்டி பெருமா. இந்த மண்ணில் இனி இருக்க மாட்டேன், நமக்கென்று ஒரு காடு பார் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். அவளை நீங்கள் “வைராக்கியக்காரி” என்று புகழ்ந்தீர்கள். நாகம்மாள் கேட்டதும் தனக்கென்று ஒரு காடுதான். ஒருத்திக்கு வண்டி பூட்டிப் போகப் புருஷன் இருந்தான், இன்னொருத்திக்கு இல்லை. அதற்காக ஒருத்தி வைராக்கியக்காரி, இன்னொருத்தி அடங்காதவளா? எழுபது வருஷ இடைவெளியில் வந்த இரண்டு நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இது ஒன்றுதான் பளிச்சென்று தெரிகிறது. இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. “ஹலோ, கேக்கலை” என்றீர்கள். அன்றைக்கு சிக்னல் நன்றாகவே இருந்தது.

நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். “நிலம் தேடுற வழி பூராவும் முத்து கூடவே குப்பன் வர்றானே, அவனுக்கு எந்தப் பங்கு?” என்று கேட்டீர்கள். குப்பன் மாதிரி காட்டு வேலைக்கு இருக்கிற பண்ணயத்து ஆளைப் பற்றி நம் வீட்டுப் பேச்சில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. அதைக் கேட்டது நீங்கள், நான் இல்லை. எனக்கு அன்றைக்கு உங்கள் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தக் கேள்வியோடு படித்ததால்தான் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நம் இரண்டு பேரையும் அப்படிப் போட்டு உலுக்கியது என்று நினைக்கிறேன். 2023க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல் என்றுதான் வாங்கினேன். குடிநாவிதர் குடும்பத்துக் கதை. பிரிக்கக் காடு கிடையாது, சண்டை போட வரப்புக் கிடையாது. இருப்பதெல்லாம் சொந்தபந்தம்தான். காரு மாமா சாவுக்குக் கூடுகிறவர்கள் ஒருவரையொருவர் ஏசி, அழுது, மன்னித்து, மறுபடி ஏசுகிறார்கள். அதைப் படித்த அன்று நீங்களும் விவாதம் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. “படிச்சியா?” “படிச்சேனுங்க.” அதோடு வைத்துவிட்டோம்.

அடுத்த லாரி கிளம்புவதற்குள் எதை அனுப்புவது என்று சொல்லிவிடுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டு நீங்கள் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ கேட்கிறீர்கள். நல்ல தடிமன், ஒரு சீசனுக்குத் தாங்கும். எனக்கு ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ முதலில் படிக்க வேண்டும். சத்தியமங்கலம் மலையில் வீரப்பனைத் தேடிய அதிரடிப்படைக் காலத்தில் பழங்குடி ஜனங்கள் பட்ட பாட்டை எழுதியிருக்கிறார். பண்ணாரி அம்மனைக் கும்பிட வருஷா வருஷம் அந்த அடிவாரம் வரை போய்விட்டுத் திரும்புகிறோம், மேலே நடந்ததைப் படிக்காமல் இருந்தால் எப்படி? இரண்டையும் அனுப்பலாம்தான். ஆனால் நீங்கள் ஒன்றை முடிப்பதற்குள் மற்றதன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் முடிவைச் சொல்லிவிடுவீர்கள்.

மழை பிடித்து வண்டி ஊர் திரும்பும்போது ‘நாகம்மாள்’ பிரதியை மறக்காமல் கொண்டு வாருங்கள். பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்டிருக்கிறார். ஓரத்தில் பென்சிலால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் வசவையெல்லாம் அழித்துவிட்டுக் கொண்டு வாருங்கள். அவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான், படித்துவிட்டு நேராக உங்களிடம் சண்டைக்கு வருவார்.