வளர்ச்சித் திட்டம் ஓர் அறையில், வரவு செலவு இன்னோர் அறையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் எப்படிப்பட்ட தலைவர் வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் நேர்மையானவர், அறிஞர், தொலைநோக்கு உள்ளவர் என்று ஆளின் குணங்களை அடுக்கிவிடுகிறோம். குணம் வேண்டியதுதான். ஆனால் நல்லவர்கள் தலைமையேற்ற நிறுவனங்களும் ஐந்தாண்டு கழித்து இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கிறோம். வளர்ச்சித் திட்டம் ஓர் அறையில் தயாராகிறது. வரவு செலவு இன்னோர் அறையில் தயாராகிறது. இரண்டும் கடைசிவரை சந்திப்பதில்லை. தலைமை பற்றிய விவாதம் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் பயன் இருக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. திட்டத்தின் முதல் மூன்று இலக்குகளை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். அடுத்த நிதியாண்டில் இவற்றுக்கான தொகை எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது? நிரப்பப்போகும் பணியிடங்களில் எத்தனை இவற்றுக்காக? ஆட்சிக்குழு இவற்றை எந்த மாதக் கூட்டத்தில் பரிசீலிக்கும்? பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்துக்காக நிறுவனம் செய்த ஒரே முதலீடு அச்சுக்கூலிதான்.

கால அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்வி நிறுவனத்தில் ஒரு முடிவு பலன் தர எடுக்கும் காலம் பெரும்பாலும் தலைவரின் பதவிக் காலத்தைவிட நீளம். நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒன்றின் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால், பாடத்திட்டக் குழு, கல்விப் பேரவை என்று ஒப்புதல் பெறவே ஏறக்குறைய ஓராண்டு ஆகும். முதல் அணி படித்து வெளியேற நான்காண்டு. அவர்கள் வேலைக்குப் போனார்களா, மேற்படிப்பில் சேர்ந்தார்களா என்று தெரிய இன்னும் ஓராண்டு. ஆக ஆறாண்டு. பதவிக் காலமோ மூன்று முதல் ஐந்தாண்டு. அதற்குள் கண்ணில் படும்படி ஏதாவது செய்ய வேண்டுமென்றால் கட்டடம் கட்டலாம், மையம் திறக்கலாம், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். இவை குவிவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. கால அளவு பொருந்தாததே போதும். அதனால் ஆறாண்டு இலக்கு ஒவ்வொன்றுக்கும் ஓராண்டுக்குள் தெரியக்கூடிய முன்னறிகுறி ஒன்றைச் சேர்த்தே எழுத வேண்டும். முதலாண்டு முடிவில் எல்லாத் தாள்களிலும் தேறியவர்களின் விகிதம், ஆறாவது வாரத்திலேயே வகுப்புக்கு வராமல் போனவர்களின் எண்ணிக்கை, அதிகம் பேர் தவறும் இரண்டு மூன்று அடிப்படைத் தாள்களின் தேர்ச்சி விகிதம் ஆகியவை அப்படிப்பட்டவை. இவை சரியானால் நான்காம் ஆண்டு முடிவும் சரியாக வரும் வாய்ப்பு அதிகம்.

திட்டம் எழுதும் குழுக்கள் வழக்கமாகப் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டுத் தொடங்குகின்றன. எல்லோருக்கும் பலம் அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள். எல்லோருக்கும் பலவீனம் நிதிப் பற்றாக்குறை. பெயரை மட்டும் மாற்றி அடுத்த கல்லூரிக்குக் கொடுத்தாலும் பொருந்திவிடும். அதற்குப் பதிலாக மூன்று அட்டவணைகளோடு உட்கார்ந்தால் பேச்சின் தரமே மாறிவிடும்.

முதலாவது, மாணவர் நகர்வு. ஆண்டுக்கு 100 பேர் சேரும் நான்காண்டுப் படிப்பில் ஒவ்வோர் ஆண்டும் 8 சதவீதம் பேர் விலகினால் நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 354 பேர் இருப்பார்கள். விலகலை 4 சதவீதமாகக் குறைத்தால் அது 376 ஆகும். இந்த 22 பேரைப் புதிய சேர்க்கையால் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஆண்டுதோறும் ஆறு பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி முதலாண்டு மாணவர்களுக்கான துணை வகுப்புகளுக்குப் போக வேண்டுமா என்பதை இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது, இடப் பயன்பாடு. பருவத்தின் நடுவில் ஒரு வாரம், மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு வகுப்பறையிலும் தலைகளை எண்ண வேண்டும். முதல் வாரத்தில் எண்ணினால் கூட்டம் அதிகமாகத் தெரியும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எண்ணினால் வெறிச்சோடித் தெரியும். வாரத்துக்கு 40 மணி நேரம் கிடைக்கும் அறை 26 மணி நேரம் பயன்பட்டால் 65 சதவீதம். 60 இருக்கைகளில் சராசரியாக 30 பேர் என்றால் நிறைவு 50 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் உண்மையான பயன்பாடு 32.5 சதவீதம்தான். அறை போதவில்லை என்று புகார் வரும் பல இடங்களில் குறை அறையில் இல்லை. எல்லோரும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரையே பாடம் நடத்த விரும்புவதும், அறைகளைத் துறைகள் சொந்தச் சொத்துப்போல் பூட்டி வைப்பதும்தான் குறை. புதிய கட்டடக் கோப்பு நகர்வதற்கு முன்னால் இந்த ஒரு பக்க அட்டவணை அதில் இருக்க வேண்டும் என்று ஆட்சிக்குழு விதி செய்யலாம்.

மூன்றாவது, ஆசிரியர்களின் ஓய்வு அட்டவணை. அடுத்த பத்தாண்டில் எந்தத் துறையில் எந்த ஆண்டு யார் ஓய்வு பெறுகிறார் என்பது இன்றே தெரிந்த செய்தி. ஆனாலும் பணியிடம் காலியான பிறகுதான் கோப்பு எழுகிறது. விளம்பரம், பரிசீலனை, நேர்காணல், ஒப்புதல், பழைய இடத்திலிருந்து விடுவிப்பு என்று எல்லாம் முடிய ஓராண்டு எளிதில் ஓடிவிடும். அதுவரை அந்தப் பாடத்தை எடுப்பவர் தற்காலிக ஆசிரியர்.

பணியிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களின் செலவில் பெரும்பகுதி சம்பளம். அதனால் ஒரு தலைவர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு, காலியாகும் இடம் எங்கே போகிறது என்பதே. வழக்கப்படி அது அதே துறைக்கு, அதே பாடப்பிரிவுக்குத் தானாகத் திரும்பும். அப்படியானால் நிறுவனத்தின் வடிவம் முப்பது ஆண்டுக்கு முன்பு சேர்ந்தவர்களால் முடிவு செய்யப்பட்டதாகவே இருக்கும். மாற்று வழி, காலியாகும் இடங்களெல்லாம் பொது இருப்புக்கு வருவதும், துறைகள் மாணவர் எண்ணிக்கை, கற்பித்தல் சுமை, திட்டத்தின் எந்த இலக்குக்கு உதவும் என்ற மூன்றையும் காட்டிக் கேட்டுப் பெறுவதும். இதிலும் ஆபத்து உண்டு. இடம் பறிபோகும் என்று பயந்தால் துறை, பொருந்தாதவரையும் விடாமல் வைத்திருக்கும். ஓய்வு பெறுபவருக்கு நீட்டிப்பு கேட்கும். எனவே நான்கில் மூன்று இடங்கள் துறைக்கே திரும்பும், ஒன்று மட்டும் இருப்புக்குப் போகும் என்பதுபோல முன்கூட்டியே அறிவித்த விதி வேண்டும். விதி எழுத்தில் இருந்தால் தலைவர் மாறினாலும் நிற்கும். அவருடைய தனிப்பட்ட விருப்பமாகவே இருந்துவிட்டால் ஒவ்வொரு காலியிடமும் ஒரு தூது, ஒரு சிபாரிசு.

பணத்துக்கும் இதேபோல ஒரு விதி. துறைகளுக்குப் பிரிப்பதற்கு முன்பே மொத்த வருவாயில் 2 சதவீதத்தைத் திட்டத்துக்கென்று எடுத்து வைப்பது நல்ல தொடக்கம். அதிலிருந்து கொடுப்பது மூன்றாண்டுக்கு மட்டும். நான்காம் ஆண்டிலிருந்து செலவை எந்த வருவாய் ஏற்கும் என்று கொடுக்கும்போதே துறை எழுதித் தர வேண்டும். இதை விட்டுவிட்டால் இந்தத் தொடக்க நிதியில் நியமித்தவர்கள் நிரந்தரச் செலவாகிவிடுவார்கள். இரண்டாவது சுற்றுக்கு நிதியே இருக்காது. வருவாய் முழுவதையும் துறைகளிடமே விட்டு, செலவையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு முறை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1970களிலிருந்தே அந்த வழியில் நடக்கிறது. பொறுப்புணர்வு வளர்வது உண்மை. கூடவே, மாணவரை வெளித் துறைக்கு அனுப்பினால் பணமும் போய்விடும் என்று புள்ளியியல் போன்ற பொதுப் பாடத்தைக்கூட ஒவ்வொரு துறையும் தனக்கென்று தனியே தொடங்கும் ஆபத்தும் உண்டு. பொதுச் சேவைகளுக்கான பங்கை முதலிலேயே எடுத்துவிடாத இடங்களில், சொந்த வருவாய் இல்லாத நூலகம்தான் முதலில் அடிவாங்கும்.

அடுத்து அளவீடுகள். ஒரு நிறுவனத்துக்கு எட்டு முதல் பத்து போதும்; நாற்பது வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்க விளக்கக் குறிப்பு வேண்டும்: தொகுதி என்ன, பகுதி என்ன, எந்தத் தேதியில் எண்ணுவது, எந்தப் பதிவேட்டிலிருந்து எடுப்பது, யார் கையெழுத்திடுவது. தேர்வெழுதிய 72 பேரில் 65 பேர் தேறினால் தேர்ச்சி 90 சதவீதம். சேர்ந்தவர்கள் 100 பேர் என்றால் அதே 65 பேர் 65 சதவீதம். இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களைக் காட்டுகின்றன. ஆசிரியர் மாணவர் விகிதத்திலும் இப்படித்தான்: பகுதிநேர ஆசிரியரை முழு ஆளாக எண்ணுகிறோமா என்பதைப் பொறுத்து எண் மாறும். அளவீட்டுக்குப் பொறுப்பு ஒரு நபரிடம் இருக்க வேண்டும், குழுவிடம் அல்ல.

ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கி அழுத்தம் கொடுத்தால் அது காட்டிவந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னார். உயர்கல்வியில் அது அன்றாடம் நடக்கிறது. கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்தால் ஓர் ஆய்வு மூன்று கட்டுரையாக வெட்டப்படும். தரவரிசைக்காக ஓடினால் தரவே வளையும். அமெரிக்க இதழொன்றின் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகம், அதன் சொந்தக் கணிதப் பேராசிரியர் ஒருவர் அனுப்பப்பட்ட எண்களைப் பொதுவெளியில் கேள்விக்குள்ளாக்கிய பிறகு, 2022இல் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. வகுப்புகளின் அளவு பற்றியும் ஆசிரியர்களின் உயர் பட்டங்கள் பற்றியும் கொடுத்த தகவல்களில் பிழை இருந்ததை நிர்வாகமே ஒப்புக்கொண்டது. எண்ணிக்கை அளவீடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தரம் பார்க்கும் எதிர் அளவீடு ஒன்றை வைப்பதே தற்காப்பு. கட்டுரைகளை எண்ணினால், துறைக்கு ஐந்து கட்டுரைகளை வெளியாட்களிடம் கொடுத்துப் படிக்கவும் வைக்க வேண்டும். வெளியே அனுப்பும் எண்களைத் திரட்டாத ஒருவர் அவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவையும் நடத்தப்போவது துணைவேந்தரோ முதல்வரோ அல்ல, துறைத் தலைவர்கள். நிறுவனத்தின் மிகப் பலவீனமான கண்ணியும் அங்கேதான் இருக்கிறது. பணிமூப்பில் முறை வருகிறது, பயிற்சி கிடையாது, பாடச் சுமையும் குறைவதில்லை. அறிக்கை கேட்கும் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். சிறு பழுதுபார்ப்புக்குக்கூடக் கோப்பு பதிவாளர் அலுவலகம் வரை போய் வர வேண்டிய இடத்தில் துறைத் தலைவரிடம் தலைமைப் பண்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பொறுப்பேற்கும் ஆறு மாதம் முன்பே பெயர் முடிவாக வேண்டும். அந்தக் காலத்தில் அவர் பழைய தலைவரோடு ஒரு வரவு செலவுச் சுற்றையும் ஒரு கால அட்டவணைத் தயாரிப்பையும் முழுதாகப் பார்த்துவிட வேண்டும். பாடச் சுமையில் மூன்றிலொரு பங்கு குறைய வேண்டும். குறிப்பிட்ட தொகைவரை தானே செலவிடும் கையெழுத்து அதிகாரமும் ஆசிரியர் தேர்வில் குரலும் வேண்டும். சக ஆசிரியரின் பணி மதிப்பீட்டை அவர் தனியாகச் செய்யக் கூடாது. புல முதல்வரும் சேர்ந்து செய்ய வேண்டும். நாளை அதே ஆசிரியர் துறைத் தலைவராகி இவரை மதிப்பிடப்போகிறார் என்றால் இன்று யார் உண்மையை எழுதுவார்?

புதிதாகத் தொடங்குவதை எல்லாத் திட்டங்களும் சொல்கின்றன, நிறுத்துவதைச் சொல்வதில்லை. துறைகளுக்கு வரைவு அனுப்பும்போது, இதில் எதைச் செய்வீர்கள் என்பதோடு இதற்காக எதை நிறுத்துவீர்கள் என்றும் கேட்க வேண்டும். பத்துப் பேருக்குக் கீழ் உள்ள விருப்பத் தாள்கள், கூடாத குழுக்கள், யாரும் படிக்காத மாதாந்திர அறிக்கைகள் என்று சிறியவற்றில் தொடங்கலாம். ஒரு படிப்பையே மூடுவதானால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். சேர்க்கையை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் மாணவர்களுக்குக் கடைசித் தாள் வரை பாடம் நடத்தியாக வேண்டும். முதலாண்டில் கட்டணம் குறையும், செலவு குறையாது. மிச்சம் தெரியவே மூன்று நான்கு ஆண்டு ஆகும். இதை நிதி அலுவலர் முதலிலேயே ஆட்சிக்குழுவுக்குச் சொல்லாவிட்டால், இரண்டாம் ஆண்டில் பற்றாக்குறையைப் பார்த்து முடிவையே திரும்பப் பெறுவார்கள். அதற்குள் நல்ல ஆசிரியர்கள் வேறிடம் தேடிப் போயிருப்பார்கள். ஆசிரியர்கள் எந்தத் துறைக்கு மாற்றப்படுவார்கள், தேர்வில் தவறிய மாணவருக்கு எத்தனை வாய்ப்பு, எந்த ஆண்டுவரை என்பதெல்லாம் அறிவிப்பு வரும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

பரிசீலனைக்குக் காலாண்டுக்கு ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒன்று போதும். சரியாகப் போகிறவற்றைப் பேச வேண்டாம். பின்தங்கியவற்றை மட்டும் எடுத்து, காரணம் பணமா, ஆளா, ஒப்புதலா என்று பிரித்து, யார் எந்தத் தேதிக்குள் என்று குறித்தால் முடிந்தது.

கடைசியாக, தலைமை மாறும் காலம். பதவிக் காலம் முடியும் நாள் நியமன நாளிலேயே தெரியும். இருந்தும் தேடல் தாமதமாகத் தொடங்கிப் பொறுப்புத் தலைவர்களிடம் நிறுவனம் மாதக்கணக்கில் கிடக்கிறது. பொறுப்பில் இருப்பவர் காலியிடத்தைத் துறை மாற்றி ஒதுக்கமாட்டார், படிப்பை மூடமாட்டார், மூன்றாண்டு நிதி உறுதி தரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தேடலை ஒன்பது மாதம் முன்பே தொடங்க வேண்டும். விலகுபவர் பத்துப் பக்கத்துக்கு மிகாத ஒப்படைப்புக் குறிப்பு எழுத வேண்டும்: முடியாத முடிவுகள், கொடுத்த வாக்குறுதிகள், நடக்கும் வழக்குகள், அடுத்த பதினெட்டு மாதத்தில் ஓய்வு பெறுவோர். புதியவர் முதல் நிதியாண்டு முழுவதும் பழைய திட்டத்தையே நடத்தி, அதன் பிறகே திருத்தம் கொண்டுவரலாம் என்று ஆட்சிக்குழு நியமன ஆணையிலேயே எழுதிவிடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது, ஒரு தீர்மானம் போதும்.

இப்படிக்கு,
உயர்கல்வி நிர்வாகத் திட்டமிடலில் பணியாற்றும் வாசகர்