அப்பா முழுங்கின வரிகள்

வசந்தி,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காதடி. மழை ஆரம்பிச்சா என் முழங்காலுக்குத் தான் முதல்ல தெரியுது. இப்ப பேத்தி வேற லீவுக்கு வந்திருக்கா, பத்து வயசு, ராத்திரியானா கதை கதைன்னு உயிர எடுக்கறா, நானும் மகாபாரதம் ஆரம்பிச்சேன், ஆரம்பிச்ச நாலாவது நாளே மாட்டிக்கிட்டேன். வியாசர் எப்படி பாட்டி திருதராஷ்டிரனுக்கு அப்பா ஆனாருன்னு கேட்டா பாரு, சாமி வரம் குடுத்துச்சுன்னு சொல்லிட்டு நேரா அரக்கு மாளிகைக்கு ஓடிட்டேன். எந்த சாமின்னு கேக்கறதுக்குள்ள லைட்ட அணைச்சாச்சு.

அன்னிக்கு தூக்கமே வரல, நம்ம காலேஜ் ஞாபகம் வந்துச்சு. ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகம் நடத்தறப்ப அந்த மேடம் முதல் சீன்லயே வில்லன் இயாகோ அசிங்கமா கத்தற இடம் வந்ததும் "இத நீங்களே படிச்சுக்கோங்க"ன்னு பக்கத்த திருப்பினாங்களே, ஹாஸ்டல்ல அன்னிக்கு ராத்திரி நாம அத மட்டும் தானே படிச்சோம், டிக்‌ஷனரி வெச்சுக்கிட்டு!

அதுல இருந்து தாமஸ் பவுட்லர் ஞாபகம் வந்து, இந்த ரெண்டு வாரமா அந்த மனுஷன் பின்னாடியே சுத்தறேன். நமக்கு அவரு வெறும் ஒரு கெட்ட வார்த்தை தான், புக்க வெட்டிக் கெடுத்தா பவுட்லரைஸ் பண்ணிட்டான்னு சொல்வோம்ல. ஆளு யாருன்னு பாத்தா ஒரு டாக்டர்டி. 1754ல இங்கிலாந்துல பாத் ஊர் பக்கத்துல பிறந்து, எடின்பரோல டாக்டர் பட்டம் வாங்கி, 1781ல லிஸ்பன்ல ஒரு ஃப்ரெண்டுக்கு காய்ச்சல்னு கூட இருந்து பாத்திருக்காரு, ஃப்ரெண்டு செத்துப் போயி இவருக்கும் அது ஒட்டிக்கிச்சு, பிழைச்சு ஊர் வந்தவரு வைத்தியத்தையே விட்டுட்டாரு. அப்புறம் ஜெயில் சீர்திருத்தம், செஸ். 1788ல லண்டன்ல ஆடின ஒரு ஆட்டத்துல ரெண்டு யானையையும் பலி குடுத்து ஜெயிச்சாரு, அத இன்னிக்கும் செஸ் ஆடறவங்க பேசறாங்க. இந்த மாதிரி துணிஞ்சு ஆடற ஆளா உக்காந்து வரி வரியா வெட்டினாருன்னு எனக்கு ஒட்டவே மாட்டேங்குது.

விஷயம் அவங்க அப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்குது. சாயங்காலம் குடும்பத்துக்கு ஷேக்ஸ்பியர் வாசிச்சுக் காட்டுவாராம், ஏடாகூடமான இடம் வந்தா நிறுத்தாம தடுமாறாம அப்படியே முழுங்கிட்டுப் போயிடுவாராம், பிள்ளைங்களுக்கு துளி சந்தேகம் வரல. வளந்தப்புறம் தான் ஒரிஜினல்ல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. எல்லா வீட்டு அப்பாவுக்கும் அந்த சாமர்த்தியம் இருக்காதே, அதனால முழுங்க வேண்டியத நாமளே முழுங்கிட்டு அச்சடிச்சுக் குடுப்போம்னு வந்தது தான் "ஃபேமிலி ஷேக்ஸ்பியர்".

ஆனா வசந்தி, அத முதல்ல செஞ்சது தாமஸ் இல்ல, அவரோட அக்கா ஹேரியட். 1807ல பாத்ல நாலு வால்யூம், 20 நாடகம், எடிட்டர் பேரே போடாம வந்துச்சு. ஏன்னு யோசிச்சுப் பாரு, கல்யாணம் ஆகாத பக்திமான் பொம்பள, இந்த வரி அசிங்கம்னு பேனாவால கோடு போடறான்னா அதுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும்னு தானே! அத ஒத்துக்க முடியாது இல்ல. அவங்க பேர் போடாம எழுதின பிரசங்கப் புத்தகத்தப் படிச்சுட்டு லண்டன் பிஷப் யாரோ பாதிரியார் எழுதினதுன்னு நினைச்சு சர்ச் வேலை குடுக்கத் தேடினாருன்னு கூட ஒரு கதை உண்டு. 1818ல தம்பி பேரோட பத்து வால்யூம், 36 நாடகம்னு பெருசா வந்துச்சு, ரொம்ப காலத்துக்கு முதல் பதிப்பும் அவரு கணக்குலயே சேந்துடுச்சு. அக்கா 1830 வரைக்கும் இருந்தாங்க, வாயத் திறக்கல. திட்டும் தம்பிக்குத் தான் போச்சு, அது ஒரு லாபம்னு வெச்சுக்கலாம்.

வெட்டினது என்னென்னன்னா, கடவுளேன்னு கத்தற இடமெல்லாம் வானமேன்னு ஆச்சு, நாலாம் ஹென்றி நாடகத்தோட ரெண்டாம் பாகத்துல டால் டேர்ஷீட்ங்கற வேசி ஆளையே காணோம். அட்டையில எதுவும் சேக்கல, நீக்க மட்டும் தான் செஞ்சோம்னு போட்டுட்டு மேக்பெத் நாடகத்துல லேடி மேக்பெத் தன் கையில ரத்தக் கறை இருக்கறதா நினைச்சுப் புலம்பற நாசமாப் போன கறைய செக்கச் சிவந்த கறைன்னு மாத்தி வெச்சாரு, அது மட்டும் சேக்கறது இல்லையா? ஆனா அதே நாடகத்துல அரசன தூங்கறப்ப குத்திக் கொல்றது அப்படியே இருக்கு, கொலை பண்ணலாம், கெட்ட வார்த்த பேசக் கூடாது. ஒத்தெல்லோகிட்ட மட்டும் தோத்துட்டாரு, அது குடும்பத்துக்கு ஆகாது, கூடத்துல இருந்து எடுத்து உள் அறை அலமாரில வைங்கன்னு எழுதிட்டாரு. நம்ம மேடம் பரவால்ல போ.

புக்கு எடுத்த உடனே ஒண்ணும் விக்கல. பிளாக்வுட்ஸ் பத்திரிகை கிழிச்சுது, எடின்பரோ ரிவ்யூ தூக்கி வெச்சுது, அந்த சண்டையிலயே சூடு பிடிச்சு 1850க்குள்ள 11 பதிப்பு. அவரு 1825ல வேல்ஸ்ல ஸ்வான்சீ பக்கத்துல செத்துட்டாரு. 52 வயசுல ஒரு விதவைய கல்யாணம் பண்ணி அதுவும் சரிப்படாம பிரிஞ்சு, பிள்ளையும் இல்லாம.

நம்ம வீரமாமுனிவர் கூட குறள லத்தீன்ல பெயர்த்தப்ப காமத்துப்பால விட்டுட்டாரு. ஆனா அறமும் பொருளும் மட்டும்னு பாத்தாலே தெரியுது. பவுட்லரும் அட்டையிலயே சொல்லிட்டுத் தான் வெட்டினாரு, அதனால தான் எனக்கு அவரு மேல முழுசா கோவம் வரல. நான் ஸ்கூல்ல பதினெட்டு வருஷம் ஒரு பாட்டு நடத்தினேன், நடுவுல எட்டு வரி எடுத்திருந்தாங்கன்னு ரிட்டையர் ஆனப்புறம் தான் தெரிஞ்சுது. மூணு புள்ளி கூட வெக்கலடி. எவ்வளவு பிள்ளைங்களுக்கு "இது தான் முழுப் பாட்டு"ன்னு அடிச்சு சொல்லியிருக்கேன்.

சரி, உன் மருமக பிரசவத்துக்கு எப்ப போறா? தீபாவளி முடிஞ்சு நீ இங்க வர்றதா இருந்தா என்னோட ஒத்தெல்லோவ எடுத்துட்டு வா, உன்கிட்ட தான் இருக்கு, இல்லன்னு சத்தியம் பண்ணாத. முதல் சீன் பக்கம் மட்டும் அழுக்கா இருக்கும் பாரு, அது தான்.

உன்
ராஜி