பம்ப் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் இன்சுலின் பம்ப் குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நாளுக்கு நான்கைந்து முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு அக்கருவி எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதைக் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள் பம்ப் அணிந்திருப்பவள். ஆகவே அவர் எடுத்துரைத்த நன்மைகளில் ஒன்றையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால், அக்கருவி கடல்கடந்த ஊரில் திடீரென்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. விடுமுறைக்கு வெளிநாட்டு உறவினர் வீடுகளுக்குப் புறப்படும் குடும்பங்கள் எங்கள் நீலகிரி மலையிலும் பெருகிவிட்டதால், அதைப் பற்றி நானறிந்ததை எழுதத் துணிகிறேன்.

பம்பில் நிரப்பப்படுவது வேகமாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே. அது சொட்டுச் சொட்டாக இரவும் பகலும் உடலுக்குள் சென்றுகொண்டிருப்பதால்தான் சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது. ஊசி போட்டுக்கொள்பவர்களின் உடலில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஒன்று அடியில் இருந்துகொண்டே இருக்கும். பம்ப் அணிந்தவர்களுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. எனவே கருவி நின்ற சில மணி நேரத்துக்குள் சர்க்கரை ஏறி, உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரத் தொடங்கிவிடும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குதல் என்று அது முற்றினால் மருத்துவமனைக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. வெளியூர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி அந்த வாந்திக்கு இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருப்பது நம் குடும்பங்களில் எளிதாக நடக்கக்கூடியது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சென்ற கோடையில் சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, இரவு உணவுக்குப் பின் என் மகளின் பம்ப் விடாமல் ஒலித்தது. திரையில் மோட்டார் பிழை என்று வந்தது. பேட்டரியை மாற்றினாள், அடைப்பாக இருக்குமோ என்று குழாயையும் வயிற்றில் பொருத்தியிருந்த கானுலா என்ற மெல்லிய செருகுகுழாயையும் மாற்றினாள், எதற்கும் அசையவில்லை. இந்தியாவில் கருவியை விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணில் காலையில் அழையுங்கள் என்ற பதிவுக்குரலே பதிலாகக் கிடைத்தது. மறுநாள் அந்நிறுவனத்தின் அங்குள்ள முகவரோ, இந்தியாவில் வாங்கிய கருவிக்கு மாற்றுக் கருவி தருவதற்கில்லை என்று மரியாதையாகக் கைவிரித்துவிட்டார்.

அவளைக் காப்பாற்றியது, பாஸ்போர்ட் உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாள்தான். கோவையிலுள்ள அவளுடைய மருத்துவர் பயணத்துக்கு முன் தம் கைப்பட எழுதிக் கொடுத்தது அது. மணிக்கு எத்தனை யூனிட் பேசல் (இடைவிடாமல் செல்லும் அடிப்படை இன்சுலின்), எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட், ஒரு யூனிட் எவ்வளவு சர்க்கரையை இறக்கும், பம்ப் நின்றால் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் எத்தனை யூனிட் போட வேண்டும் என்ற நான்கும் அதில் இருந்தன. இந்த எண்கள் பம்பின் நினைவகத்துக்குள்தான் இருக்கின்றன. கருவி இறந்தால் அவையும் சேர்ந்து போய்விடலாம். பையில் கிளார்ஜின் பேனா தயாராக இருந்ததால் அன்றிரவே அதைப் போட்டுக்கொண்டாள். அது வேலை செய்யத் தொடங்கச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஏறியிருந்த சர்க்கரைக்கு வேக இன்சுலினையும் தனியே போட வேண்டியிருந்தது.

அங்கேதான் கட்டுரைகள் எதிலும் நான் படித்திராத ஓர் ஆபத்து எட்டிப்பார்த்தது. எங்களோடு வந்திருந்த என் மைத்துனர் குன்னூரில் குப்பி இன்சுலின் போட்டுக்கொள்பவர். என் மகளின் சிரிஞ்சு, பயணப் பெட்டியின் அடியில் இருப்பதைக் கண்டு, தம்முடைய புதிய சிரிஞ்சு ஒன்றை அன்போடு நீட்டினார். சிவப்பு மூடியைப் பார்த்ததுமே அவள், “வேண்டாம் மாமா, இது நாற்பது” என்று தள்ளிவைத்தாள். நம் நாட்டில் பலர் வாங்கும் குப்பி மருந்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் அந்தக் கணக்குக்கே போடப்பட்டவை. பம்புக்கு ஊற்றும் மருந்திலோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. நூறு மருந்தை நாற்பது சிரிஞ்சில் 4 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். தூக்கக் கலக்கத்தில், அயலூரில், சர்க்கரை ஏறிய பதற்றத்தில் அப்படி ஒரு ஊசி விழுந்தால், ஏறிய சர்க்கரை தாழ்சர்க்கரையாக மாறி உயிருக்கே உலை வைத்துவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சரிபார்ப்பதற்காக உறவினர் வீட்டுக் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 15.1 என்று காட்டியது. என் மனைவி சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டதாக எண்ணிச் சமையலறைக்கு ஓடி ஜூஸை எடுத்து வந்துவிட்டார். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சர்க்கரையை அளக்கும் அலகு வேறு. அங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால்தான் நம்மூர்க் கணக்கு வரும். மகளின் சொந்த மீட்டரில் அப்போது 268 இருந்தது. அந்தப் பெருக்கல் வாய்பாட்டையும் அதே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் இன்சுலின், பேனா, ஊசிகள், கீட்டோன் ஸ்ட்ரிப், மாற்று பேட்டரி அனைத்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையில் போடும் பெட்டி தொலைந்துபோகலாம், அல்லது அங்குள்ள குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். பாதுகாப்புச் சோதனையில் பம்பை எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்ப வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். மருத்துவரின் கடிதத்தைக் காட்டிக் கையால் சோதிக்கும்படி கேட்கலாம். விமானம் மேலேறும்போது அழுத்தம் குறைவதால் பம்புக்குள் காற்றுக் குமிழிகள் உண்டாகிச் சிறிதளவு இன்சுலின் கூடுதலாகத் தள்ளப்படக்கூடும். விமான அறையின் அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்துக்குரிய அளவு வரை குறைக்கப்படுகிறது. உதகையின் உயரமே சுமார் 2,240 மீட்டர் என்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக மேலே வரும் நாம் மலைப்பாதையிலும் குழாயில் குமிழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதில் தவறில்லை.

உண்மையில் இந்த ஏற்பாடுகள் எல்லாம் வெளிநாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 2009 நவம்பர் மழையில் நிலச்சரிவுகளால் நீலகிரியின் சாலைகள் துண்டிக்கப்பட்டதை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பம்புக்குரிய பொருள்கள் அனைத்தும் எங்களுக்குக் கோவையிலிருந்தே வருகின்றன; கோத்தகிரியில் நான் கேட்ட மருந்துக் கடைகளில் கீட்டோன் ஸ்ட்ரிப் இல்லை, ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் சொல்லிவைத்தால்தான் வரும். மழைக்காலத்துக்கு முன்பாவது இவற்றைக் கொஞ்சம் இருப்பு வைக்க மலையிலுள்ள மருந்துக் கடைக்காரர்கள் முன்வர வேண்டும்.

பம்பைப் பொருத்தும் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொத்தான்களை அழுத்தக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில், பம்ப் இல்லாமல் ஒரு வாரத்தைக் கழிப்பது எப்படி என்பதையும் கற்றுக்கொடுத்து, மேலே சொன்ன தாளை எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும்; அளவுகள் மாறும்போதெல்லாம் புதுத் தாள் தர வேண்டும். விற்பனை நிறுவனங்கள், உத்தரவாதம் எந்தெந்த நாடுகளில் செல்லும், பயணத்துக்கு இரவல் கருவி கிடைக்குமா என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சில லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குபவர்கள் இதைக் கேட்பது அதிகப்படி அல்ல.

தங்கள் மருத்துவப் பகுதியில் இது குறித்துத் தனிக் கட்டுரை வருமானால், பழைய நிலைக்குத் திரும்பும் முறையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஊர் திரும்பிப் புதுக் கருவி கைக்கு வந்ததும் அதை உடனே மாட்டிவிட முடியாது. கடைசியாகப் போட்ட கிளார்ஜினின் தாக்கம் ஏறக்குறைய ஒரு நாள் உடலில் இருக்கும் என்பதால், எப்போது, எந்த அளவில் பம்பைத் தொடங்குவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி.