நாட்டுக்கோழி வளர்க்க விரும்புவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருவிடை, சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி இனங்களைக் காக்கும் ஆசை நல்லதுதான். ஆனால் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழிக்கு அனுமதியில்லை. தரைவீட்டிலும் (சொந்த நிலத்தோடுள்ள தனிவீட்டிலும்) 10 பறவைகள்தான் வரம்பு; அதுவும் விற்பனைக்கு அல்ல. குஞ்சு விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

பத்துக்குள் இனத்தைக் காப்பது எளிதல்ல. ஒரே சேவலைத் தன் மகள்களோடு தொடர்ந்து சேர்த்தால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். மூன்று நான்கு வீட்டார் கூடி, ஆண்டுக்கொரு முறை சேவல்களை மட்டும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். (விடியற்காலைக் கூவலை அண்டைவீட்டார் பொறுத்துக்கொள்வார்களா என்பது வேறு கதை!)

பலர் கோட்டைவிடுவது அடைமுட்டையில், அதாவது குஞ்சு பொரிக்க எடுத்துவைக்கும் முட்டையில். நம் 30 டிகிரி வெப்பத்தில் சமையலறையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். குளிர்பதனப் பெட்டியோ அதற்கு மிகக் குளிர். சுமார் 15 டிகிரியில், கூர்முனை கீழாக வைத்து, 7 நாளுக்குள் அடைக்கு வைக்க வேண்டும். விசிறியுள்ள பொரிப்பானில் (முட்டை பொரிக்கும் கருவியில்) 37.5 டிகிரி போதும். 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துங்கள். அதன்பின் ஆவலில் மூடியைத் திறந்தால் உள்சவ்வு உலர்ந்து குஞ்சு ஒட்டிக்கொள்ளும். 21ஆம் நாள்வரை பொறுங்கள்.

மிஞ்சும் சேவல்களைப் பூங்காவில் விட்டுவிடாதீர்கள். அவை புலாவ் உபின் தீவிலும் மற்ற இடங்களிலும் வாழும் காட்டுக்கோழியோடு கலந்தால், இந்த மண்ணின் இனமே கலப்படமாகிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிங்கப்பூர்