'நீதி'க் கட்டம் வேண்டாமே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறார் இலக்கியம் பற்றி வந்த கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது, ஓரிடம் தவிர. பள்ளிக்கூடத்தை வைத்து எழுதப்படும் கோமாளிக் கதைகளில் சிரிப்பு உண்டு, சரக்கு இல்லை என்கிறார் கட்டுரையாளர். அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் சாச்சர் எழுதி, 1978-இல் முதல் புத்தகமாக வெளிவந்த வேய்சைட் பள்ளிக் கதைகள் அவர் கண்ணில் படவில்லை போலும்.

முப்பது வகுப்பறைகளை வரிசையாகத் தரையில் கட்டச் சொன்னால், கட்டியவர் ஒன்றன்மேல் ஒன்றாக முப்பது மாடி எழுப்பிவிட்டு 'மன்னிச்சுக்குங்க' என்று போய்விடுகிறார். பெரியவர் செய்த தப்புக்குத் தினமும் படியேறுவது பிள்ளைகள். குறியீடு என்று இதற்குமேல் என்ன வேண்டும்?

உச்சி மாடியில் ஒரு டீச்சர். தப்புச் செய்யும் பிள்ளையைப் பார்த்துக் காதை ஆட்டி நாக்கை நீட்டுவார், பிள்ளை ஆப்பிளாகிவிடும். கடைசியில் ஒரு சிறுமி கண்ணாடியைத் தூக்கிக் காட்ட, டீச்சரே ஆப்பிளாகிவிடுகிறார். விஷயம் தெரியாமல் அதை எடுத்துத் தின்பவர் விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் லூயிஸ். சாச்சர் கல்லூரியில் படித்தபோது ஒரு தொடக்கப் பள்ளியில் இதே வேலையைத்தான் பார்த்தார்! மேசைமேல் சத்தமில்லாமல், பளபளவென்று, வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆப்பிள்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் ஏங்கும் 'ஒழுங்கான வகுப்பு' வேறென்ன? எனக்குச் சுருக்கென்றது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பத்தொன்பதாவது மாடி. முதல் புத்தகத்தின் பத்தொன்பதாவது அத்தியாயம் சில வரிகள்தான்: அப்படியொரு டீச்சர் இல்லை, அப்படியொரு மாடியும் இல்லை, மன்னிக்கவும். 1989-இல் வந்த இன்னொரு புத்தகத்தில் ஆலிசன் என்ற சிறுமி அந்த இல்லாத மாடியிலேயே போய் மாட்டிக்கொள்கிறாள். அங்கே கொடுக்கும் வேலை: பூஜ்யம் முதல் பத்து லட்சம் வரையுள்ள எண்களை அகரவரிசைப்படி எழுதுவது.

எங்கள் ஊர் நூலகத்தில் சில பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். அறுநூறு முதலில் வருமா, அறுபதா என்று உடனே சண்டை. நகரம் பகரத்துக்கு முன்னால்தானே, அறுநூறுதான் என்று முடிவாயிற்று. அப்புறம் ஒரு பையன், "எங்க லீவு ஹோம்வொர்க்கும் இப்படித்தான் டீச்சர்" என்றான். நான் எதையும் விளக்கவில்லை. அவனும் சிரிப்பதை நிறுத்தவில்லை.

ஏப்பத்தையும் குசுவையும் வைத்தே பக்கத்தை நிரப்பும் கதைகளும் வருகின்றன. அவற்றைப் பற்றியென்றால் கட்டுரையாளர் சொன்னது சரி. நல்ல அபத்தக் கதைக்கு உள்ளுக்குள் கறாரான கணக்கு உண்டு. முப்பது மாடி என்று சொன்னபின், கம்ப்யூட்டரைக்கூட ஒருவர் தூக்கிக்கொண்டு முப்பது மாடியும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் கதைகளில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், நம் ஆட்கள் 'பத்தொன்பதாவது மாடி எதைக் குறிக்கிறது? ஐந்து மதிப்பெண்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் எந்தப் பிள்ளை சிரிக்கும்?

உங்கள் சிறுவர் பகுதியிலும் ஒவ்வொரு கதைக்கும் அடியில் 'இக்கதை உணர்த்தும் நீதி' என்று ஒரு கட்டம் வருகிறது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓவியத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
விருத்தாசலம்