பூங்காவில் உடற்பயிற்சிக் கருவி அமைக்கும் பொறியாளர்களுக்கு

வணக்கம்.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். எங்கள் ஊர்ப் பூங்காவில் நீங்கள் நட்டுவைத்த கருவிகளில் தினமும் காலையில் வேர்வை சிந்துபவனும்கூட. உட்கார்ந்து இரண்டு கைப்பிடியையும் கீழே இழுத்தால் இருக்கையோடு நம் உடம்பு மேலே எழுமே, அந்தக் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பத்தாவது படிக்கிற பையன் அதில் எண்பது தடவை இழுத்துவிட்டு, போதவில்லை என்று போனை நோண்டுகிறான். அடுத்து அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மூச்சுப்பிடித்து இழுக்கிறார், இருக்கை அசையவில்லை. சிரித்துச் சமாளித்துக்கொண்டு, நடக்கிற மாதிரி காலை ஆட்டும் கருவிக்குப் போய்விடுகிறார். நெம்புகோலின் நீளம் பட்டறையிலேயே முடிவாகிவிட்டது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இதற்கு எடைத்தட்டும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். சாய்வு போதும். லாரியில் டிரம் ஏற்றுகிறவர்களைப் பாருங்கள்: நீளப் பலகையைப் படுக்கையாகச் சாய்த்தால் ஒருவரே உருட்டிவிடுவார், குட்டைப் பலகையென்றால் இன்னும் இரண்டு கை வேண்டும். உடம்பும் அப்படித்தான். உருளை வைத்த பலகையில் படுத்து மேலே உள்ள கம்பியைப் பிடித்து இழுத்தால், 30 டிகிரிச் சாய்வில் எடையில் பாதிதான் கைக்கு வரும். 10 டிகிரியில் 60 கிலோ ஆளுக்குப் பத்துக் கிலோ சொச்சம்.

அப்பாவுக்காக அப்படி ஒன்று செய்தேன். உருளை ஓடும் சட்டம் 240 செ.மீ. தலைமாட்டுத் தூணில் 12 செ.மீ.க்கு ஒரு துளை. கோணமானி தேவைப்படவில்லை, உயரத்தைச் சட்டத்தின் நீளத்தால் வகுத்தால் அதுவே கணக்கு. ஒரு துளை ஏற்றினால் எடையில் 20ல் ஒரு பங்கு கூடும். மூன்றாம் துளையில் ஆரம்பித்தவர், ஒரு நாள் தானாகவே “நாலாம் நம்பர் போடுடா” என்றார்.

சொதப்பல்களும் உண்டு. சட்டத்தைத் துளையில் நிறுத்த முதலில் போட்ட ஆணி, அதிர்வில் பாதி வெளியே வந்துவிட்டது. அப்புறம், உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே என் பையன் விரலை விட்டான். நகம் கறுத்ததோடு போயிற்று.

அதனால் பூங்காவுக்கு அதையே கேட்கவில்லை. பொது இடத்தில் கழற்றி மாட்டும் ஆணியும் அதைக் கட்டிவைக்கும் சங்கிலியும் எத்தனை நாள் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். நான் கேட்பது அசையாத கம்பிகள்: 30, 60, 90, 120 செ.மீ. உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி பக்கத்தில் பக்கத்தில். தரையில் தண்டால் எடுத்தால் உடல் எடையில் சுமார் 64 சதவீதம் கையில் இறங்கும். 60 செ.மீ. கம்பியில் கையை ஊன்றினால் 41 சதவீதம்தான். இடுப்புயரக் கம்பி அந்த அம்மாவுக்கு, தாழ்ந்த கம்பி பையனுக்கு. அதே கம்பியைப் பிடித்து மல்லாக்கச் சாய்ந்து இழுத்தால் முதுகுக்கும் ஆயிற்று. இங்கே கருவி அசையாது, ஆள்தான் இடம் மாறுவார். துத்தநாகம் பூசிய ஒரு அங்குல இரும்புக் குழாய் (ஜிஐ) கைக்கு அடங்கும். பேரிங் இல்லை, கிரீஸ் இல்லை.

டெண்டரில் இதை ஒரே கருவியாகத்தான் காட்ட முடியும் என்று யோசிக்கிறீர்களா? நான்காகவே எண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.